அடிடாஸ் கம்போங்: வேட்டைக்குப் போட்டுத் தேய்த்த அனுபவம்

மான் வேட்டைக்கு என்ன பூட்ஸ் நல்லது என்று இணையத்தில் தேடினால், அமெரிக்கக்காரர்கள் நவம்பர் குளிரில் மரத்தின் மேல் மணிக்கணக்காக உட்காரும்போது போடுகிற பூட்ஸ்தான் வரிசையாக வரும். உள்ளே 800 கிராம் இன்சுலேஷன், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தோல். உலு சிலாங்கூர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் காலை பத்து மணிக்கு அதை மாட்டிக்கொண்டு நின்றால் கால் வெந்துவிடும். அதனால், கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் காட்டுப்பக்கம் போகிற நம் ஆட்களுக்காக, நான் வருடக்கணக்கில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு சப்பாத்தைப் பற்றி எழுதுகிறேன். அடிடாஸ் கம்போங். பெயரில் இருக்கும் ஜெர்மன் கம்பெனிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகிறவர்கள் காலில் பார்த்திருப்பீர்களே, அதே கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். கினபாலு மலையில் சுமை தூக்குகிறவர்கள் பலர் இதைப் போட்டுக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார்கள்.

துப்பாக்கி என்னுடையது இல்லை. எங்கள் கூட்டத்தில் மாமா ஒருவரிடம்தான் போலீஸ் கொடுத்த துப்பாக்கி லைசென்ஸும், பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை கொடுத்த காட்டுப்பன்றி லைசென்ஸும் இருக்கின்றன. தடம் பார்ப்பது, வளைத்து விரட்டுவது, விழுந்ததைச் சுமந்து லோரிக்குக் கொண்டுவருவது எல்லாம் மற்றவர்கள் வேலை. சுடுகிறவரைவிட நாங்கள்தான் அதிகம் நடக்கிறோம். சப்பாத்தைப் பற்றிப் பேச எங்களுக்குத்தான் உரிமை என்று நான் சொல்வேன், மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

நாங்கள் போவது பன்றிக்கு மட்டும். தீபகற்ப மலேசியாவில் ரூசாவையும் (கடமான்) கீஜாங்கையும் (குரைக்கும் சின்ன மான்) சுட 2009-இல் தடை போட்டார்கள், பிறகு 2015-இல் இன்னும் ஆறு வருடம் நீட்டினார்கள். நியாயமான காரணம்தான். ரூசா புலியின் முக்கியமான இரை. 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நாட்டில் 150 புலிகூட இல்லை என்று தெரிந்தது. இதே ரூசாவை 1860-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே பெருகித் தொல்லையாகி, சுட ஆள் தேடுகிறார்கள். இங்கே இருக்க வேண்டியது அங்கே போய்க் கொழுக்கிறது, என்ன செய்வது.

தடைக்கு முன்னால் மான் லைசென்ஸ் எடுத்துச் சுற்றியவர் மாமா. எனக்குச் சப்பாத்துப் பாடம் நடத்தியவரும் அவர்தான். "மான் காதால பாக்கும் தம்பி, பன்னி மூக்கால பாக்கும்" என்பார். அந்தக் காலத்தில் அவரோடு போன ஒருவர் கனமான தோல் பூட்ஸ் போட்டுவந்தாராம். அடிப்பாகம் தடிப்பாக இருந்ததால் கீழே சுள்ளி கிடப்பது காலுக்குத் தெரியவில்லை. 'டப்' என்று ஒடிந்ததுதான் தாமதம், எங்கிருந்தோ கீஜாங் நாய் மாதிரி குரைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை குரைத்தால் பரவாயில்லை, அது பாட்டுக்கு விட்டு விட்டுக் குரைத்து, சுற்றுவட்டாரத்தில் உள்ளதுக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டது. எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். இப்போது அந்தத் தோல் பூட்ஸ்காரரும் ரப்பர் சப்பாத்துதான்.

இந்தச் சப்பாத்தின் பெரிய பலம் இதுதான். அடிப்பாகம் மெல்லிசு, வளையும். பாதத்தின் முன்பகுதியை மெதுவாக வைத்தால், கீழே இருப்பது இலையா சுள்ளியா என்று விரலே சொல்லிவிடும், எடையை இறக்கும் முன் காலைத் தூக்கிக்கொள்ளலாம். விலை கூடிய பூட்ஸ் எதிலும் எனக்கு இது கிடைக்கவில்லை. அப்புறம் வாடை. தோலும் துணியும் சமையலறை, பெட்ரோல், வியர்வை எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரப்பர் அவ்வளவு உறிஞ்சாது, பைப்பில் பிடித்துக் கழுவினால் போய்விடும். கண்ணைவிட மூக்கை நம்புகிற பன்றிக்கு முன்னால் இது சின்ன விஷயம் இல்லை.

சேற்றில் இதை அடிக்க ஆள் இல்லை. அடியில் இருக்கும் குமிழ்கள் களிமண்ணைக் கவ்வும், கால் எடுக்கும்போது மண் உதிர்ந்துவிடும். பாரிட்டை, அதாவது தோட்டத்து வாய்க்காலை, தாண்டும்போது உள்ளே தண்ணீர் போகத்தான் செய்யும். கழற்றிக் கவிழ்த்தால் சரி. உள்ளே துணி கிடையாது, ஊறிக் கனக்க எதுவும் இல்லை.

இனி குறைகள். செம்பனை மட்டையின் அடியில் இரண்டு ஓரமும் முள் இருக்குமே, அதற்கு இந்த ரப்பர் ஒரு பொருட்டே இல்லை. தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கிப் போட்டிருப்பார்கள். பன்றி அதைத் தாண்டி ஓடும், நாமும் பின்னால் தாண்டுவோம். போன வருடம் ஒரு முள் பக்கவாட்டில் நுழைந்து சுண்டுவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. சப்பாத்தோடு சேர்த்துத் தைத்த மாதிரி இருந்ததால் கழற்றவும் முடியவில்லை. லோரியிலிருந்து குறடு கொண்டுவந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கறுத்த முனையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கால் வெளியே வந்தது. ரப்பரில் ஓட்டை தெரியவே இல்லை, மூடிக்கொண்டுவிட்டது. அதனால் உங்கள் சப்பாத்தில் எத்தனை ஓட்டை என்று மழை பெய்தால்தான் தெரியும்.

கணுக்காலுக்குப் பாதுகாப்பு இல்லை. செம்பனையில் எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும், அதை மறந்துவிடக் கூடாது. நான் தடியால் முன்னே தட்டிக்கொண்டுதான் மட்டை அடுக்கைக் கடக்கிறேன், பன்றி கேட்டாலும் பரவாயில்லை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று இந்தச் சப்பாத்து வேண்டாம். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், காயம் வழியாக எலிக்காய்ச்சல் ஏறும். அப்படிப்பட்ட நாளில் முழங்கால் வரை வரும் பூட்ஸ் போடுங்கள், நடை மெதுவாகும், அவ்வளவுதான்.

வெறுங்காலில் போட்டால் குதிகால் தோல் உரியும். பந்து விளையாடுகிறவர்கள் போடும் நீளமான நைலான் காலுறை போதும். முழுக்கால் சட்டையை அதற்குள் சொருகிவிட்டால் அட்டையும் சுலபத்தில் ஏறாது.

உழைப்பு? தார்ச் சாலையில் நடக்காமல் இருந்தால் நன்றாகவே உழைக்கும். குமிழைத் தின்பது தார்தான். அடுத்து, விரல் மடிகிற இடத்தில் வெடிப்பு விடும். கார் பின்பெட்டியில் வெயிலில் போட்டு வைத்தால் இது சீக்கிரம் நடக்கும். நிழலில், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வைக்கிறேன். விலை ஏறக்குறைய ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் காசு. வெடித்தால் அழ வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் மலாக்காவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு எனக்கு இந்தச் சப்பாத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. அந்த நோய் மனிதனுக்கு வராது. ஆனால் செத்த பன்றியின் ரத்தமும் சேறும் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு போனால், அடுத்த ஊர்ப் பண்ணையே காலியாகலாம். எங்கள் வட்டாரத்தில் காட்டுப்பன்றித் தடமே அபூர்வமாகிப் போன காலம் உண்டு. குருத்தைத் தின்றுவிட்டது, உதிர்ப்பழத்தைக் கிளறிவிட்டது என்று அடிக்கடி போன் போடுகிற சிறுதோட்டக்கார மலாய்ப் பெரியவர்கூட அப்போது கூப்பிடவில்லை. இப்போது லோரியில் ஏறும் முன்னாலேயே ஆளாளுக்குச் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவுகிறோம். முதலில் பிரஷ் போட்டுச் சேற்றை முழுதாக எடுக்க வேண்டும், சேற்றின் மேலே மருந்து ஊற்றிப் பயன் இல்லை. பிறகு பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவிட வேண்டும். தோல் பூட்ஸை இப்படிச் செய்து பாருங்கள், மறுநாள் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வாங்க நினைக்கிறவர்கள் காலுறையைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, வழக்கமான அளவைவிட ஒன்று கூடுதலாக எடுங்கள். ரப்பர் விரிந்து கொடுக்கும் என்று கடைக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். பெரிய கால்காரர்களுக்குத்தான் கஷ்டம். செந்தூல் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் பெரிய அளவு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் தஞ்சோங் மாலிம் போகிற நாளில் இரண்டு ஜோடி சேர்த்து வாங்கி வந்துவிடுவார்.