த்ரீ நாட் த்ரீயா, .308-ஆ? கோதைப் பார்த்து முடிவெடுங்கள்

த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டா சுடும் லீ என்ஃபீல்ட், .308 தோட்டா சுடும் டிக்கா, இந்த இரண்டு ரைஃபிளையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, லீ என்ஃபீல்டை விற்று டிக்காவை வைத்துக்கொண்டேன். ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்க நினைக்கும் நண்பர்கள் காரணம் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

த்ரீ நாட் த்ரீ நம் ஆட்களுக்கு ஊரிலேயே பழகிய பெயர், பொலிஸ்காரரின் தோளில் பார்த்த துவக்கு. கனடாவில் அது உள்ளூர்த் துவக்கும்கூட. இன்றைய மிசிசாகாவில் இருந்த லோங் பிராஞ்ச் ஆலையில் 1941 முதல் நம்பர் 4 என்ற லீ என்ஃபீல்ட் வகை ரைஃபிள்களைச் செய்தார்கள். போருக்குப் பிறகு உபரியாக வந்தவற்றின் மரப் பாகத்தை வெட்டிக் குறைத்துப் பலர் வேட்டைத் துவக்காக மாற்றிக்கொண்டார்கள். பழைய துவக்குகள் விற்கும் இடங்களில் இன்றும் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான். மரம் வெட்டப்படாதது என்றால் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள், வெட்டியதற்கு அந்த மதிப்பு இல்லை.

வேகம், சக்தி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 180 கிரெயின் எடையுள்ள சன்னம் (குழலிலிருந்து பாயும் குண்டு) .303-இல் விநாடிக்கு ஏறக்குறைய 2,460 அடி போகும், .308-இல் 2,620 அடி. நம் காடுகளில் மான் பெரும்பாலும் 100 யார் தூரத்துக்குள்தான் நிற்கும். அந்தத் தூரத்தில் இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகிவிடாது. எடையில் டிக்கா ஒரு கிலோ குறைவு, நாள் முழுக்க நடக்கிறவருக்கு அது தெரியும். ஸ்கோப் பூட்டுவதும் சுலபம். நம்பர் 4-இல் அதற்குத் துளை போட வேண்டும், அல்லது துளை வேண்டாத தாங்கி ஒன்றைத் தேட வேண்டும்.

குளிரைத் தாங்குமா என்றால், இரண்டும் தாங்கும். 1947-இல் தொடங்கிய கனேடிய ரேஞ்சர்ஸ் படையினர் வட துருவப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் .303-ஐத்தான் தூக்கித் திரிந்தார்கள். அதன் உதிரிப்பாகங்கள் அருகிப்போனதால் 2018 முதல் அவர்களுக்கு சி-19 கொடுக்கப்பட்டது. அது டிக்கா வடிவமைப்பில் கிச்சனரில் கோல்ட் கனடா செய்யும் .308 ரைஃபிள்.

சரி, எனக்கு முடிவைத் தீர்மானித்தது கோது, அதாவது மருந்தையும் சன்னத்தையும் தாங்கும் தோட்டாவின் பித்தளைக் கூடு. தோட்டாவை வீட்டில் நானே மறுபடி நிரப்புகிறேன். அப்படிச் செய்பவருக்குச் செலவும் பாதுகாப்பும் பித்தளைக் கோது எத்தனை முறை தாங்குகிறது என்பதில்தான் இருக்கின்றன.

.303 கோதுக்கு அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் குழி) கோதை நிறுத்தி வைப்பது அந்த விளிம்புதான், கழுத்தை நோக்கிச் சரியும் கோதின் தோள் இல்லை. சேறும் மண்ணும் ஒட்டிய தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போகட்டும் என்று ராணுவத் துவக்குகளில் சேம்பரைத் தாராளமாகவே குடைந்தார்கள். சுட்ட கோதைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் ராணுவத்துக்கு இல்லை. நமக்கு இருக்கிறது! சுடும்போது கோதின் முன்பகுதி அழுத்தத்தில் சேம்பர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அடிப்பகுதி பின்னால் தள்ளப்படும். இடையில், அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலிகிறது. மறுபடி நிரப்பும் முன் கோதை டையில் (அதை அளவுக்குச் சுருக்கும் அச்சு) விட்டு முழுதாக இறுக்கினால் தோள் பழைய இடத்துக்குப் போய்விடும், அடுத்த சூட்டில் மறுபடியும் இழுபடும். சில சுற்றிலேயே அடிப்பகுதி மட்டும் கழன்று வெளியே வர, மீதிக் கோது சேம்பருக்குள் சிக்கிக்கொள்ளலாம். காட்டில் அது நடந்தால் அன்றைய வேட்டை அத்தோடு சரி.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கி, கோதுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு உரசி மேலே இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்தக் கோதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பல சமயம் வெளிப்பக்கமும் அதே இடத்தில் மினுங்கும் வளையம் தெரியும்.

கழுத்தை மட்டும் இறுக்கி நிரப்பினால் .303 கோதும் நெடுநாள் வரும், உண்மைதான். ஆனால் அந்தக் கோது அது சுடப்பட்ட துவக்குக்கு மட்டும்தான் பொருந்தும். கோதின் அடிக்கும் போல்டுக்கும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) இடையில் இடைவெளி அதிகமானால் போல்ட் தலையை மாற்றலாம். 0 முதல் 3 வரை எண் போட்ட தலைகள் உண்டு, ஆனால் 3 கிடைப்பது அரிது. சன்னத்திலும் சிக்கல். அகலமான .303 குழலுக்கு .311, .312 சன்னங்கள்தான் வேண்டும், அவற்றில் தேர்வு கொஞ்சம். .308-க்குக் கடையில் ஒரு அலுமாரியே இருக்கும்.

.308-இல் கோது தோளில் நிற்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் தோள் பின்னால் போகும்படி டையைத் திருகி வைத்துவிட்டால் பித்தளை இழுபட அதிகம் இடமில்லை. இத்தனைக்கும் அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல், .303-க்கு 49,000 மட்டுமே. என் .308 கோதுகளில் முதலில் தளர்வது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழி, அடிப்பகுதி இல்லை.

டிக்காவிலும் எனக்குப் பிடிக்காதது உண்டு. பிளாஸ்டிக் மகசீனில் மூன்று தோட்டாதான் போகும், மாற்று மகசீன் விலை கூட. நம்பர் 4-இல் பத்துப் போகும், அதன் போல்ட் ஓடும் வேகமும் டிக்காவில் இல்லை. பெரிய உடம்புள்ள மூஸ் வேட்டைக்கு எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டாலும் மானைத் தவிர எதையும் சுட்டதில்லை.

கடைத் தோட்டாவை மட்டும் வாங்கி வருடத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவரானால் கோதுப் பிரச்சினை உங்களைத் தொடாது, நல்ல நம்பர் 4 கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வாங்குவதற்கு முன் போல்ட் தலையின் எண்ணைப் பாருங்கள். அந்தத் துவக்கில் சுட்ட கோது ஒன்றையும் கேட்டு வாங்கி, கிளிப்பை உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள்.