லாகின் பண்ணாம வைஃபை வரலன்னா காசு கொடுத்து கார்டு மாத்தாதீங்க

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாத்தான் இருக்கும். எங்கப்பா ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு 340 வெள்ளி கொடுத்துட்டு வந்திருக்காரு. காசு போனதக்கூட விட்டுடலாம், அவரு கம்ப்யூட்டர யாரு வேணும்னாலும் தொறக்கற மாதிரி ஆக்கி அனுப்பியிருக்காங்க, அதுதான் மனசு ஆறல.

அப்பா எஸ்டேட்ல கிராணியா இருந்து ரிட்டையர் ஆனவரு. லயத்த இடிச்சதுக்கப்புறம் எல்லாரும் தாமான் வீட்டுக்கு வந்துட்டோம், ஆனா பழைய எஸ்டேட் ஆளுங்களோட மரண சகாய நிதி மட்டும் இன்னும் நடக்குது, 120 குடும்பம், மாசம் 10 வெள்ளி, கணக்கு பூரா அப்பா கையிலதான். யாரு வீட்லயாவது சாவுன்னா ராத்திரி 2 மணிக்கும் இவருக்குத்தான் போன் வரும். அந்தக் கணக்கு இருக்கறது லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு பதிலா போடற சிஸ்டம்) போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர்ல, நான்தான் போட்டுக் கொடுத்தேன். நான் ஜொகூர்ல வேல செய்றேன், அதனால தெனம் ராத்திரி 1 மணிக்கு கணக்கு பைல் தானா எனக்கு காப்பி ஆகற மாதிரி வெச்சிருந்தேன்.

நம்ம ஊர்ல மத்தியானத்துக்கு மேல இடி மழ வந்தா கரண்ட் டப்புனு போகும், உங்களுக்கே தெரியும். கரண்ட் திரும்பி வந்தா கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகறதுக்கு பயோஸ்லயே (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்) செட் பண்ணியிருந்தேன், ஆன் ஆகும், ஆனா பேரு பாஸ்வேர்டு கேக்கற ஸ்கிரீன்லயே நிக்கும், யாராவது உள்ள நுழையற வரைக்கும் வைஃபை கனெக்ட் ஆகாது. அம்மாவுக்கு வாரம் 3 நாள் ஈப்போல டயாலிசிஸ், அந்த நாள்ல அப்பா கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டாரு. இப்படியே 9 நாள் காப்பி வரல. நான் போன்ல, "கடைக்கு எடுத்துட்டு போங்கப்பா, லாகின் பண்றதுக்கு முன்னாடியே வைஃபை வரணும்னு சொல்லுங்க, அவ்வளவுதான்"னு சொன்னேன். அங்க நான் பண்ணது தப்பு, நானே போயிருக்கணும்.

மொத தடவ 40 வெள்ளி செக்கிங் வாங்கிட்டு, "அங்கிள், வைஃபை கார்டு போயிருச்சு"ன்னு சொல்லி ஒரு யுஎஸ்பி அடாப்டர் 120 வெள்ளிக்கு சொருவி கொடுத்திருக்காங்க. உள்ள இருந்த கார்ட கழட்டி எடுத்துட்டாங்க, கேட்டதுக்கு தூக்கிப் போட்டுட்டோம்னு பதில். வீட்டுக்கு வந்து பாத்தா அதே கததான், லாகின் பண்ணாத்தான் நெட்டு. திரும்ப தூக்கிட்டு போயிருக்காரு, 68 வயசு, மோட்டார்ல முன்னாடி வெச்சிக்கிட்டு. இந்தத் தடவ "செட்டிங் சர்வீஸ்"னு 180 வெள்ளி.

நான் லீவு போட்டு ராத்திரி பஸ் ஏறி வந்தேன், வந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணா பாஸ்வேர்டே கேக்கல, நேரா அப்பாவோட ஸ்கிரீன் வந்து நிக்குது, பேங்க் பக்கத்த தொறந்தா பேரும் பாஸ்வேர்டும் தானா ரொம்பி நிக்குது.

அவங்க பண்ணது என்னன்னா ஆட்டோ லாகின் போட்டிருக்காங்க, அதாவது பாஸ்வேர்டு கேக்காமலே உள்ள போற மாதிரி. கீரிங்னு ஒண்ணு இருக்கு, நம்ம பாஸ்வேர்டுங்கள பூட்டி வெக்கற பொட்டி மாதிரி. ஆட்டோ லாகின் போட்டா கீரிங் தொறக்காது, ஏன்னா நாம டைப் பண்ற பாஸ்வேர்டாலதான் அது தொறக்கும், அதனால ஒவ்வொரு தடவயும் கீரிங் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பாக்ஸ் வரும். அந்த பாக்ஸ் வரக்கூடாதுன்னு கீரிங் பாஸ்வேர்டையும் காலியா விட்டிருக்காங்க. அத காலியா விட்டா உள்ள இருக்கறது எதுவும் பூட்டியிருக்காது, அந்த டிஸ்க்க எடுத்துட்டு போறவன் அப்படியே படிச்சிக்கலாம். 120 குடும்பத்தோட ஐசி நம்பர், வாரிசு பேரு, நிதியோட பேங்க் கணக்கு எல்லாம் இருக்கற கம்ப்யூட்டர் அது.

உண்மையில கோளாறு எங்க இருந்துச்சு தெரியுமா, ஒரே ஒரு டிக். வைஃபை பாஸ்வேர்டு அப்பாவோட பேர்ல மட்டும் சேவ் ஆகி அவரோட கீரிங்ல உக்காந்திருந்துச்சு. அவரு உள்ள வந்தாத்தான் கீரிங் தொறக்கும், தொறந்தாத்தான் வைஃபைக்கு பாஸ்வேர்டு கெடைக்கும். புது அடாப்டர் போட்டும் சரியாகாததுக்கு காரணம் அதுதான். கார்டு கெட்டிருந்தா லாகின் பண்ண அப்புறமும் நெட்டு வரக்கூடாதே, இத ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாகூட தெரிஞ்சிருக்கும்.

நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் தொறந்து, நம்ம வைஃபை பேர எடிட் பண்ணி, ஜெனரல் டேப்ல "ஆல் யூசர்ஸ் மே கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்"னு இருக்கும், அத டிக் பண்ணணும், பக்கத்துலயே ஆட்டோமேட்டிக்கா கனெக்ட் ஆகற டிக்கும் இருக்கான்னு பாத்துக்கணும். அப்புறம் வைஃபை செக்யூரிட்டி டேப்ல பாஸ்வேர்டு கட்டத்தோட ஓரத்துல சின்ன ஐக்கான் இருக்கும், அத அழுத்தி எல்லா யூசருக்கும் சேவ் பண்ணுன்னு மாத்தணும், சேவ் கொடுத்தா முடிஞ்சது. அப்புறம் பாஸ்வேர்டு நெட்வொர்க் மேனேஜரோட சிஸ்டம் போல்டர்ல போய் உக்காந்துக்கும், ரூட், அதாவது கம்ப்யூட்டரோட அட்மின் மட்டுந்தான் படிக்க முடியும். அதுவும் பூட்டு போட்ட பைல் இல்ல, ஆனா வெளிய போனா போறது வீட்டு வைஃபை பாஸ்வேர்டு மட்டுந்தான், பேங்க் பாஸ்வேர்டு இல்ல. ஆட்டோ லாகின எடுத்துட்டேன், கீரிங்குக்கு புது பாஸ்வேர்டு போட்டேன், அன்னைக்கே உக்காந்து அப்பாவோட எல்லா பாஸ்வேர்டும் மாத்தினேன். வைஃபை வேலைக்கு 5 நிமிஷம், பாஸ்வேர்டு மாத்தறதுக்கு ராத்திரி 11 மணி ஆயிருச்சு.

இது வீட்டு வைஃபைக்கு. ஆபீஸ்ல ஒவ்வொருத்தரும் அவங்க பேரு போட்டு நுழையற வைஃபைன்னா விஷயம் வேற. கேபிள் இழுத்த கம்ப்யூட்டருக்கு பொதுவா இந்தத் தொல்லையே வராது, எங்க வீட்ல ரௌட்டர் முன் ஹால்ல, கம்ப்யூட்டர் பின்னாடி ரூம்ல, அதான் வைஃபை.

கடைக்கு போய் கேட்டேன். "லினக்ஸ்னாலே அப்படித்தான் தங்கச்சி, விண்டோஸ் போட்டிருந்தா இந்த வேலையே இல்ல"ன்னாரு. விண்டோஸ்ல வைஃபை பாஸ்வேர்டு சாதாரணமா எல்லா யூசருக்கும் சேர்த்துத்தான் சேவ் ஆகும், அது எனக்கும் தெரியும். "அப்ப லினக்ஸ்ல அந்த டிக்க போட்டிருக்கலாமேண்ணே, ஏன் கார்ட கழட்டினீங்க"ன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல, வேற கஸ்டமர பாக்க போயிட்டாரு.

யாராச்சும் இந்த மாதிரி வேல கொடுத்தா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே ரீஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, யாரும் லாகின் பண்ணாம அந்த ஸ்கிரீன்லயே விட்டுட்டு, கடையோட ரௌட்டர் லிஸ்ட்ல நம்ம கம்ப்யூட்டர் பேரு வருதான்னு காட்ட சொல்லுங்க. பாஸ்வேர்டு கேக்காம நேரா உள்ள போச்சுன்னா வாங்கிட்டு வராதீங்க. கழட்டின சாமான் நம்மளுது, கையில வாங்குங்க. ரெசிட்ல என்ன வேல பண்ணாங்கன்னு எழுதி வாங்குங்க, அப்பாவோட ரெண்டாவது ரெசிட்ல "செட்டிங் 180"னு மட்டுந்தான் இருக்கு.

பயனீட்டாளர் திரிபுனல்ல, அதாவது பயனீட்டாளர் புகார விசாரிக்கற தீர்ப்பாயத்துல, பாரம் கொடுத்திருக்கேன். 5 வெள்ளிதான் கட்டணம், லாயர் வெக்கத் தேவையில்ல, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், 3 வருஷத்துக்குள்ள போடணும். அப்பா "வேணாம் பாப்பா, ஒரே ஊரு, நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்"னாரு, நிதிக்காரங்களோட விவரம் இருக்கற கம்ப்யூட்டர்னு எடுத்துச் சொன்னப்புறம்தான் கையெழுத்து போட்டாரு. கேஸ் இருக்கறதால கடைப் பேர இங்க எழுதல.

உங்க வீட்லயும் பெரியவங்க யாராச்சும் இப்படி கார்டு மாத்தி, அடாப்டர் வாங்கி, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேக்காம தொறக்குதுன்னா ரெசிட்ட தூக்கிப் போடாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அந்த டிக்க எப்படி போடறதுன்னு போன்லயே சொல்லித் தர்றேன், காசு வேணாம்.