தோள்பட்டை உடைந்து 14 மாதம்: ஸ்லிங், கப்பி, ரப்பர் பட்டை

பாத்ரூமில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். மேற்கை எலும்பின் உச்சியில் வெளிப்பக்கமாக ஒரு புடைப்பு இருக்குமே, கிரேட்டர் டியூபராசிட்டி, அதில் முறிவு. 5 மில்லிமீட்டர்கூட விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், கையைக் கழுத்தில் தொங்கவிடுகிற ஸ்லிங் போதும் என்றார்கள். பெரியம்மா புத்தூர் கட்டுக்குக் கிளம்பச் சொல்லி நாலு தடவை போன் செய்தார், அது தனிக்கதை.

மருந்துக்கடையில் வாங்கிய முதல் ஸ்லிங் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். கையின் கனம் முழுக்கக் கழுத்தில் இறங்கி, மூன்றாம் நாளே பிடரியில் தோல் உரிந்துவிட்டது. இடுப்போடு சேர்த்துக் கட்டுகிற இம்மொபிலைசர் வாங்கிய பிறகுதான் உயிர் வந்தது, ஆனால் கத்திரி வெயிலில் அக்குள் புழுங்கி நாறும். நர்ஸ் ஒரு வழி சொன்னார்: நல்ல கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, அடிபட்ட கையை அப்படியே தொங்கவிட்டால் அக்குள் தானாக விரியும், மனைவியோ மகனோ ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பின்னால் ஊசல் பயிற்சி என்று சொல்லித்தந்ததும் இதே நிற்பைத்தான். தூக்கம்? ஐந்து வாரம் ஈஸிசேர்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு கூடிவிட்டது, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் கோபம் இங்கேதான். பனியனைக் கழற்ற முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பினால் விண்ணென்று தெறிக்கும். மூன்றாம் மாதம் வேறொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னபோதுதான் கையைத் தூக்க உதவுகிற சுப்ராஸ்பைனேட்டஸ் தசையை எலும்போடு இணைக்கிற நாரில், அதாவது தசைநாணில், பாதிக் கிழிசல் என்று தெரிந்தது. அந்தத் தசைநாண் வந்து ஒட்டுகிற இடமே உடைந்த அந்தப் புடைப்புதான், எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் தெரியாது. போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு, அது இருந்தால் தோள் எளிதில் இறுகுமாம், என் மூட்டும் இறுகியிருந்தது.

அப்புறம் பயிற்சிக்கு வாங்கியது கதவில் மாட்டுகிற, கயிறும் கைப்பிடியும் வைத்த கப்பி. முந்நூறு ரூபாய்கூட இல்லை, இந்த 14 மாதத்தில் காசுக்குத் தகுந்த ஒரே பொருள் அதுதான். கதவுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்து நல்ல கையால் இழுக்க வேண்டும், கெட்ட கை சும்மா கூடப் போகும். முதல் நாள் தோள் மட்டத்துக்கே வரவில்லை. கைப்பிடி வியர்வையில் வழுக்கும், நான் சைக்கிள் கிரிப் மாட்டிக்கொண்டேன். யாராவது கதவைத் திறந்தால் கதை முடிந்தது, தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டை. நான் வாங்கியதில் மஞ்சள்தான் லேசானது, அடுத்தது சிவப்பு. மஞ்சளைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்து நேராகச் சிவப்புக்குப் போனேன், பத்து நாள் ராத்திரி வலி திரும்பிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் திட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அது விழாமல் இழுக்கச் சொன்னார். துண்டு விழுந்தால் தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தமாம். பட்டையை வெயிலில் போடாதீர்கள், என்னுடையது காய்ந்து அறுந்து முகத்தில் அடித்தது.

இப்போது பரணில் இருக்கிற டப்பாவை எடுக்க முடிகிறது. பின்பாக்கெட்டில் கைவிட்டால் மட்டும் இழுக்கும், பர்ஸை இடது பக்கம் மாற்றிவிட்டேன். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க இன்னும் இடது கைதான்.