மோல்டிங் பட்டறைக்குப் போலரிஸ்கோப் வாங்கலாமா?

கோவையில் மின்மீட்டர்களுக்குப் பாலிகார்பனேட் மூடி அடித்துக் கொடுக்கும் பட்டறையில் தரப் பரிசோதனை என் வேலை. ஸ்க்ரூ துளையைச் சுற்றி விரிசல் என்று மூடிகள் திரும்பி வரத் தொடங்கியதும், மேசைமேல் வைக்கும் போலரிஸ்கோப் ஒன்றை வாங்கிவிட்டோம். ஒளிபுகும் பிளாஸ்டிக்குக்குள் தங்கிவிட்ட தகைவை, அதாவது உள் இறுக்கத்தை, வண்ணப் பட்டைகளாகக் காட்டும் கருவி இது. கீழே எல்இடி விளக்குப் பெட்டி, அதன்மேல் ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் போலரைசர். மேலே டிகிரி அளவு பொறித்த, சுழலும் இன்னொரு போலரைசர், அதற்கு அனலைசர் என்று பெயர். கூடவே கால் அலைத் தகடு, நிறத் தகடு, பச்சை ஃபில்டர். இடைவெளி தாராளம், மூடியை வெட்டாமல் முழுசாகவே வைக்கலாம். வெளிச்சமும் மூலைவரை ஒரே சீர்.

வெறுமனே நிறம் பார்க்கத்தான் என்றால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். எல்சிடி மானிட்டரில் வெள்ளைத் திரையைப் போட்டு, முன்னால் பொருளைப் பிடித்து, ஒரு போலரைசர் ஃபிலிம் வழியாகப் பார்த்தாலே வண்ணப் பட்டைகள் தெரியும். இந்தக் கருவியின் மதிப்பு அந்த டிகிரி அளவில்தான் இருக்கிறது. பச்சை ஃபில்டரையும் கால் அலைத் தகட்டையும் போட்டு, பார்க்கிற புள்ளி கறுக்கும்வரை அனலைசரைத் திருப்ப வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று மற்றொன்றுக்குப் பின்தங்கும் தூரத்தைத்தான் இந்தத் திருப்பம் அளக்கிறது. 180 டிகிரி என்பது ஒரு முழு அலைநீளம். அதாவது 1 டிகிரிக்குச் சுமார் 3 நானோமீட்டர். "கொஞ்சம் சிவப்பா இருக்கு சார்" என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் பேச்சு போய், எழுதி வைக்க ஓர் எண் கிடைத்தது. ஸ்க்ரூ துளை ஓரத்தில் 150 டிகிரி காட்டியது, மோல்டு வெப்பத்தை 70-லிருந்து 90 செல்சியஸுக்கு ஏற்றி, ஹோல்டிங் பிரஷரை (அச்சு நிரம்பியபின் தொடர்ந்து கொடுக்கும் அழுத்தத்தை) குறைத்ததும் 90 டிகிரிக்கு இறங்கியது.

அழுத்திய கண்ணாடியில் ஒளி இப்படி இரண்டாகப் பிரியும் இரட்டை ஒளிவிலகல் தோன்றுவதை டேவிட் புரூஸ்டர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். தகைவுக்கு எவ்வளவு இரட்டை ஒளிவிலகல் என்று சொல்லும் கெழுவின் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். பாலிகார்பனேட்டுக்கு அது சுமார் 75 புரூஸ்டர். அக்ரிலிக்குக்கு 5 கூட வராது, குறியும் எதிர். 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டில் ஒரு முழுப் பட்டை, அதாவது ஒரு அலைநீளப் பின்தங்கல், வர ஏறக்குறைய 2.5 மெகாபாஸ்கல் போதும். அக்ரிலிக்கில் அதே பட்டைக்குப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். கருவியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஒரே வண்ண அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டையை நம்பி அக்ரிலிக்கைப் பாஸ் செய்துவிடாதீர்கள். அக்ரிலிக்குக்கு நிறத் தகட்டைப் போட்டுப் பாருங்கள், மிகச் சிறிய மாற்றமும் பின்னணியின் ஊதாவிலிருந்து நீலமாகவோ மஞ்சளாகவோ பிரிந்து தெரியும்.

இன்னொரு விஷயம் கேட் பக்கம், அதாவது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்ப் பக்கம். அங்கே நிறங்கள் வெளிறி, வெளிர் சிவப்பும் பச்சையுமாகக் கலங்கித் தெரியும். புதிதாக வரும் பையன்கள் அதை "க்ளீன்" என்பார்கள். உண்மையில் பட்டைகள் மிக நெருங்கி, வெள்ளை ஒளியில் ஒன்றின்மேல் ஒன்று கரைந்து நிற்கின்றன. பச்சை ஃபில்டரைப் போட்டால் கறுப்புக் கோடுகள் தனித்தனியாக வந்துவிடும், எண்ணிக்கொள்ளலாம். அதிலும் பெரும்பகுதி தகைவு அல்ல, உருகிய பிளாஸ்டிக் ஓடும்போது சங்கிலிகள் ஒரே திசையில் இழுபட்டு உறைந்ததன் விளைவு. 120 செல்சியஸில் சூடாக்கி வைத்து அனீல் செய்தாலும் அந்தப் பட்டைகள் பெரும்பாலும் போகாது. அதனால் கேட்டை அளவுகோலாக வைக்காமல், விரிசல் விடுகிற இடத்தையே ஒவ்வொரு ஷாட்டிலும் அதே புள்ளியில் அளப்பது நல்லது.

ஒளி முழுத் தடிமனையும் கடந்து வருவதால் மேற்பரப்பின் அமுக்கமும் உள்ளே இருக்கும் இழுவையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். குளிர்ச்சியால் வரும் தகைவை இது குறைத்துத்தான் காட்டும். ஆகவே டொலுயீன்-புரொபனால் கலவையில் முக்கி விரிசல் பார்க்கும் பழைய சோதனையை நாங்கள் நிறுத்தவில்லை, லாட்டுக்குச் சில மூடிகளை இன்னும் முக்குகிறோம். போலரிஸ்கோப் அளவீட்டை முறையாகச் செய்ய விரும்புவோர் அதற்கான ஏஎஸ்டிஎம் டி4093 (ASTM D4093) சோதனைத் தரத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

குறை என்று சொன்னால் கையேடு, அப்புறம் மேல் தகட்டின் ஃபிலிம். மூடியின் கூர் விளிம்பு பட்டுச் சீக்கிரம் கீறல் விழுகிறது. ஆர்டர் போடும்போதே ஒரு மாற்று ஃபிலிமையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். கண்ணாடி இழை கலந்த பொருள், கறுப்பு நிறப் பொருள் மட்டுமே அடிப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.