உப்புக்காற்றில் பூட்டும் தாழ்ப்பாளும்: தூத்துக்குடி வீட்டு அனுபவம்

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தெற்கே கொஞ்சம் நடந்தால் உப்பளம். 2015-ல் வீடு கட்டியபோது போட்ட பூட்டு, தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று எழுதுகிறேன். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கடைக்குப் போகுமுன் படித்துவிட்டுப் போகலாம். கடையில் கேட்டால் எல்லாமே "துருப்பிடிக்காது சார்" தான்.

முதலில் ஊர்க்கதை. உப்புக்காற்று சென்னையிலும் உண்டு. ஆனால் அங்கே வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. இங்கே அதில் பாதிகூடப் பெய்யாது. மழை குறைவு என்பதால்தான் உப்பளத் தொழிலே இங்கு செழித்தது. உப்பு விளைய நல்லதாக இருப்பது கதவுச் சாமானுக்கு ஆகாது. படிந்த உப்பைக் கழுவிவிட மழை வராது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர்த்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடிக்கும் ராத்திரியில் கைப்பிடியைத் தொட்டால் பிசுபிசுவென்று இருப்பது இதனால்தான்.

வாசல் கதவு கிழக்குப் பார்த்தது. 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியும், கதவு மரத்தைக் குடைந்து உள்ளே பதிக்கும் மார்ட்டிஸ் லாக்கும் போட்டோம். 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலமாக நின்று இரும்பைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். இரண்டாவது வருடத்திலேயே கைப்பிடியில் டீக்கறை மாதிரி பழுப்பு படர்ந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்று புரியும். கை படுகிற மேல்பக்கம் பளபளவென்று இருக்கிறது. கறை இருப்பதெல்லாம் கைப்பிடியின் அடிவயிற்றிலும், சாவித் துவாரத்தைச் சுற்றிய விளிம்பிலும், தகடு மரத்தோடு ஒட்டும் ஓரத்திலும்தான். துடைக்கும் துணி போகாத இடங்கள் இவை.

இதைவிட ஆச்சரியம், காம்பவுண்ட் கேட்டில் வெட்டவெளியில் நிற்கும் அதே 304 தாழ்ப்பாள் சுத்தமாக இருப்பது. பெய்கிற கொஞ்ச மழையும் அதன் மேல் விழுகிறது. வாசல் கைப்பிடி போர்ட்டிகோவுக்குக் கீழே பத்திரமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் உப்பு மட்டும் வந்து, தண்ணீர் வராமல் போகும் இடம் அது. மேற்பரப்பை எப்படி இழைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மேட் ஃபினிஷ் என்று கோடு கோடாக இழைத்த பரப்பில் உப்பு தங்கும். கண்ணாடி போல வழவழப்பாகப் பாலிஷ் போட்டதில் அவ்வளவாகத் தங்காது. பார்க்க மேட் தான் அழகு. இந்த ஊருக்கு அந்த அழகு வேண்டாம்.

கொல்லைக் கதவுக்குக் காண்ட்ராக்டர் கொண்டுவந்த டவர் போல்ட்டும் (நீளத் தாழ்ப்பாள்) 'எஸ்.எஸ்.' தான். ஒரு மழைக்காலம் தாண்டுமுன்பே செம்பழுப்பாகிவிட்டது. அது 202 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவுச் சரக்கு, புதிதில் 304-க்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது வீண், 202-லும் காந்தம் ஒட்டாது. எஸ்.எஸ். கழிவு வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒரு சொட்டு மருந்து வைத்து, மாறும் நிறத்தைப் பார்த்து ரகம் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அது முடியாது என்றால் பில்லில் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை.

பாத்ரூம் கைப்பிடி துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் முலாம் பூசியது. முலாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டி, ஒரு நாள் கழுத்தோடு கையில் வந்துவிட்டது. உப்பு மட்டும் காரணமில்லை. டைல்ஸ் கழுவும் ஆசிட்டின் ஆவியும் சேர்ந்துகொண்டது. அந்த ஆவி எஸ்.எஸ்.ஸையும் விடாது.

இனி பூட்டின் உள்பக்கம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். வாசல் பூட்டில் சாவி திரும்ப மறுத்தபோது ஆசாரி வந்து பூட்டைக் கழற்றினார். பெட்டியைத் திறந்தால் அடியில் செம்மண் கொட்டியது போலத் துருப்பொடி. ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது. வெளித்தகடு 304, கைப்பிடி 304, ஆனால் பெட்டியும் ஸ்பிரிங்கும் துத்தநாக முலாம் பூசிய சாதா இரும்பு. நாம் காசு கொடுப்பது கண்ணில் படுகிற பாகத்துக்குத்தான். ஆசாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மொதல்ல ஸ்க்ரூவப் பாருங்க அண்ணாச்சி, பூட்ட அப்புறம் பாக்கலாம்." 304 தகட்டை சாதா இரும்பு ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புநீரும் இருந்தால் அங்கே மின்கலமே உருவாகிவிடும், அரிபடுவது இரும்புதான். பெரிய எஸ்.எஸ். தகடு, சின்ன இரும்பு ஸ்க்ரூ என்றால் அரிப்பு முழுவதும் அந்த ஸ்க்ரூவின் தலையில்தான் விழும்.

மாற்றுப் பூட்டு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சோதனைத் தரம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஐரோப்பிய தரமான ஈ.என். 1670-ல் ஐந்து நிலைகள் உண்டு. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து தெளித்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். முதல் நிலைக்கு 24 மணி, மூன்றாவதற்கு 96, நான்காவதற்கு 240, ஐந்தாவதற்கு 480. நம் ஊருக்கு நான்குக்குக் கீழே இறங்கவே கூடாது என்பது என் கருத்து. 240 மணியை இத்தனை வருடம் என்று மாற்றிக் கணக்குப் போட முடியாது. வீட்டில் நனைந்து காய்ந்து நனைந்து ஓடுகிற சுழற்சி வேறு, ஆய்வகத்தில் இடைவிடாத தெளிப்பு வேறு. ஒரு பூட்டை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் அது உதவும்.

இவ்வளவுக்கும் நடுவில் அலட்டிக்கொள்ளாமல் நிற்பது பித்தளைதான். பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த பித்தளைத் தாழ்ப்பாள்களை மாடியறைகளுக்குப் போட்டோம். கறுத்துவிட்டன, மூலைகளில் பச்சைக் களிம்பு உண்டு, ஆனால் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகின்றன. புளி போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் தங்கம். இப்போது கடையில் வருவது பெரும்பாலும் மெல்லிய பித்தளை, மேலே லாக்கர் என்னும் வார்னிஷ் மாதிரிப் பூச்சு. பூச்சு உரிந்ததும் திட்டுத் திட்டாகி அசிங்கமாகத் தெரியும். பித்தளை வாங்கினால் எடை பார்த்து வாங்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை) கீழ்த் தாழ்ப்பாள்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிக் காயவிட்டதோடு சரி. கதவு மரம் ஊதித் தாழ்ப்பாள் உட்காராமல் போனதுதான் பெரிய தொல்லை.

பராமரிப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நிலைப்படி துடைத்து மஞ்சள் பூசும்போதே ஈரத்துணியால் கைப்பிடியையும் அதன் அடிப்பக்கத்தையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறோம். இரும்புக் கம்பி நார் போடாதீர்கள், அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசும் உப்பும் சேர்ந்து களியாகிவிடும். டபிள்யூ.டி.-40 ஸ்பிரே ஈரத்தை விரட்ட நல்லது, மசகாக ரொம்ப நாள் நிற்காது. பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கலந்த உலர் ஸ்பிரே அடிக்கிறேன், நன்றாக இருக்கிறது.

2022-ல் வாசல் கைப்பிடியை மட்டும் 316 ரக எஸ்.எஸ்.ஸுக்கு மாற்றினோம். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, குளோரைடைத் தாங்குவது அதனால்தான். விலை கூடுதல். இதுவரை விளிம்பில் லேசான மங்கல் தவிர வேறில்லை. எல்லாக் கதவுக்கும் 316 தேவையில்லை. கிழக்கு, தெற்கு பார்த்த வெளிக்கதவுகளுக்குப் போட்டால் போதும், உள்ளறைகளுக்கு 304 தாராளம்.

316 ஸ்க்ரூதான் ஹார்ட்வேர் கடைகளில் கிடைப்பதில்லை. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். நான் அங்கேதான் வாங்கினேன், உதிரியாக எண்ணிக் கொடுத்தார்கள்.