டிரமடால்-பாராசிட்டமால் மாத்திரை: மூன்று நாளுக்கு நல்லது, பத்து நாளுக்கு வேண்டாம்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கடி இருக்கும் மாத்திரை இது. ஒன்றில் டிரமடால் (அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து) 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. அல்ட்ராசெட் என்றால் பலருக்கும் தெரியும். இதே அளவில் வேறு கம்பெனி மாத்திரைகளும் உண்டு. குடலிறக்கம், பித்தப்பை, முழங்கால் மாற்று ஆகியவற்றுக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் இதையே முதல் மாத்திரையாக எழுதுவது சரியில்லை. வேளை தவறாமல் பாராசிட்டமால், வயிறும் சிறுநீரகமும் இடம் கொடுத்தால் கூடவே இபுப்ரோஃபென் போல ஒன்று. அதற்கும் அடங்காத வலிக்குத்தான் இது. '1-0-1, பத்து நாள்' என்று எழுதியிருந்தால் 'வலி இருந்தால் மட்டும் போடலாமா' என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் எளிதில் நடக்கும் தவறு பாராசிட்டமால் கணக்கில். டோலோ 650 நாளுக்கு நான்கு என்றால் 2600 மி.கி. அதோடு இதில் ஆறு போட்டால் 1950 சேரும். மொத்தம் 4550, பெரியவருக்கு உச்ச வரம்பே 4000. அடி கல்லீரலுக்கு. இதைப் போடும் வேளையில் டோலோவை விட்டுவிட வேண்டும்.

விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். வலி உச்சத்துக்கு ஏறும்வரை பொறுக்காதீர்கள். பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்பே போடுவது நல்லது. நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு 12 மணி நேரத்தில் இரண்டுதான். டிரமடாலைக் கல்லீரல் மாற்றித் தந்தால்தான் முழுப் பலன். அப்படி மாற்றும் கல்லீரல் நொதி சிலருக்கு மந்தம், வலி சரியாகக் குறையாது. அவர்கள் மாத்திரையைக் கூட்டக் கூடாது, மருந்தை மாற்றிக் கேட்க வேண்டும்.

குமட்டலும் தலைசுற்றலும் சாதாரணம். வயதானவர்கள் இரவில் தனியாக பாத்ரூம் போய் விழுந்துவிடுவார்கள், யாராவது கூட இருங்கள். வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் டிரமடாலின் வலியடக்கும் வேலையைக் கொஞ்சம் குறைக்கக்கூடும். மலச்சிக்கலுக்கு இசப்கோலை நம்ப வேண்டாம். லாக்டுலோஸ் அல்லது பிசாகோடில் கேளுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வலிப்பு வரலாம், மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறி நடுக்கமும் காய்ச்சலும் படபடப்பும் வரலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். 12 வயதுக்குக் கீழ் எந்தக் குழந்தைக்கும், டான்சில் ஆபரேஷனுக்குப் பின் 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் சொன்னது. பாலூட்டும் தாய்க்கும் வேண்டாம் என்றது. சிசேரியன் முடிந்த தாய்மாருக்கு இது மிக முக்கியம்.

2018 முதல் இந்தியாவில் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் கேட்டு மெடிக்கல் ஷாப்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வலி குறையும்போது முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். பாராசிட்டமால் இன்னும் சில நாள் தொடரலாம். வாரக்கணக்கில் போட்டவர்கள் மட்டும் சட்டென்று விடாமல், டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.