மதியச் சாப்பாடு: டப்பாவா, கேன்டீனா, பார்சலா?

வீட்டுச் சாப்பாடு நல்லது, வெளிச் சாப்பாடு கெட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வீட்டு டப்பா, அலுவலகக் கேன்டீன், செல்போனில் வரவழைக்கும் பார்சல் என மூன்றையும் மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சொல் பாதிதான் உண்மை என்பது என் அனுபவம்.

நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள். மூன்று மணிக்குக் கண் சொக்குகிறதா? ஐந்து மணிக்குப் பசியில் கை நடுங்குகிறதா? மதியம் இரண்டு மணியை ஒட்டி வரும் அசதி முழுவதும் சாப்பாட்டின் குற்றமன்று. உடலின் நாள்கடிகாரமே அந்நேரத்தில் சற்றுத் தளர்கிறது. பட்டினி கிடப்பவருக்கும் அது வரும். ஆனால் வயிறு முட்டச் சோற்றை உண்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த அசதி இரட்டிப்பாகிறது.

முதலில் டப்பா. காலை ஐந்தரை மணிக்கு அடுப்படியில் நிற்பவருக்கு எது எளிது? கலந்த சாதம்தான். திங்களன்று எலுமிச்சை, செவ்வாயன்று தக்காளி, புதனன்று புளி. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் அல்லது ஒரு பிடி சிப்ஸ். குழம்பு பையில் சிந்திவிடும் என்ற பயத்தில் பருப்பும் காயும் டப்பாவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வீட்டில் செய்தது, சுத்தமானது, அன்போடு கட்டியது, எல்லாம் சரி. ஆனாலும் அந்த டப்பாவில் இருப்பது சோற்றின் மேல் கிழங்கு, அதாவது மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்து. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. கலந்த சாத டப்பாவில் ஏறக்குறைய எல்லாமே தானியம்தான். இந்த டப்பாவைவிடக் கேன்டீன் சாப்பாடு மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கேன்டீன் தட்டைப் பாருங்கள்: சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர். பருப்பும் காயும் தயிரும் ஒரே தட்டில் வருகின்றன. வாரத்தில் ஒருநாள் கீரையும் உண்டு. கெடுதல் அளவில்தான் இருக்கிறது. சோறு குன்றாக வருகிறது, கூட்டு கையகலக் கிண்ணத்தில் வருகிறது. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா சார்?" என்று பரிமாறுகிறவர் அக்கறையோடு கேட்கும்போது மறுக்க மனம் வராது. நான் கற்றுக்கொண்ட வழி ஒன்று உண்டு. சோற்றைப் பாதியாகக் குறைத்து வைக்கச் சொல்லி, "பொரியல் இன்னொரு கரண்டி வையுங்கள் அண்ணா" என்று கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. உட்கார்ந்ததும் முதலில் பொரியலையும் கூட்டையும் தின்று முடித்துவிட்டுப் பிறகுதான் சோற்றில் கை வைக்கிறேன். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று உண்டால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மாற்றம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான இன்டியாப் (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; தமிழ்நாட்டில் அது இன்னும் அதிகம். முப்பது வயதில் மாத்திரை போட ஆரம்பித்த நண்பர்களோடு தினமும் சாப்பிடுகிறவன் நான். அதனால் இதைச் சிறிய விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

பார்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்தபட்ச ஆர்டர் தொகையை எட்டுவதற்காக, வேண்டாத ஒரு வறுவலையும் ஓர் இனிப்பையும் சேர்க்கிறோம். ஒரு மணிக்குச் சொன்னது ஒன்றே முக்காலுக்கு வரும்போது, பசியில் நான்கு வாய் கூடுதலாக இறங்குகிறது. எண்ணெய், உப்பு இரண்டின் அளவும் நம் கையில் இல்லை. மழைநாளிலோ, கேன்டீன் மூடியிருக்கும் நாளிலோ இட்லி, சாம்பார் அல்லது முட்டையோடு சப்பாத்தி வரவழைப்பதில் தவறில்லை. தினப்பழக்கமாக்கினால் மூன்றில் இதுவே கடைசி.

மறுபடி டப்பாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத் திருத்த முடியும். மூன்றிலும் அதற்கு மட்டும் ஒரு பெருமை உண்டு: எவ்வளவு சாப்பிடுவது என்பது பசி இல்லாத காலையிலேயே முடிவாகிவிடுகிறது. டப்பா தீர்ந்தால் சாப்பாடு தீர்ந்தது. எங்கள் வீட்டில் செய்த மாற்றம் எளியது: பெரிய கிண்ணத்தில் காய், சின்னக் கிண்ணத்தில் சோறு. அவரையோ புடலையோ முதல்நாள் இரவே நறுக்கிவைத்தால் காலையில் பத்து நிமிடத்தில் பொரியல் ஆகிவிடும். கூடவே இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை.

டப்பாவுக்குள்ள இன்னொரு சங்கடம் வெயில். ஆறரைக்குக் கட்டியதை ஒரு மணிக்குத் திறக்கிறோம். சமைத்த பிறகும் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் சோற்றில் உண்டு. வெதுவெதுப்பான மூடிய டப்பா அவை பெருகத் தோதான இடம். ஆகவே ஆறவைத்து மூட வேண்டும், அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனதும் அதில் வைத்துவிட வேண்டும். தேங்காய் சேர்த்தவை சித்திரை வெயிலில் முதலில் கெடும். புளிச்சோறு தாங்கும், புளியின் புளிப்பே அதற்குக் காவல். தயிர்சாதத்துக்கு என் அம்மாவின் முறைதான் சரி: குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்துவிடுவார். மதியத்துக்குள் அது பதமாக உறைந்திருக்கும், புளித்திருக்காது.

இத்தனையையும் சரியாகச் செய்துவிட்டு, நான்கு மணிக்குக் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் டீயும் பிஸ்கட்டும், மறுபக்கம் சுண்டலோ வேர்க்கடலையோ. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. நாளுக்கு மூன்று டீ குடித்தால், அதே வழிகாட்டி விதிக்கும் 25 கிராம் எல்லையைத் தாண்டியாயிற்று, பிஸ்கட்டைக் கணக்கில் சேர்க்காமலேயே. அது தரும் தெம்பு அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும், ஏழு மணி வரை பசி தலைகாட்டாது.

டீயை விடச் சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டும். நேரத்தை மாற்றினால் போதும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயிலுள்ள டானின், உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கீரையைத் தின்றுவிட்டு உடனே டீ வாங்க எழும் தோழியரிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் கட்டடத்தைச் சுற்றி நடந்துவாருங்கள்; மூன்று மணித் தூக்கத்துக்கு டீயைவிட அது நன்றாகக் கேட்கிறது.

இப்போது எனக்கு வாரத்தில் மூன்று நாள் டப்பா, இரண்டு நாள் கேன்டீன். கேன்டீனில் கீரை போடும் வியாழக்கிழமைக்கு வீட்டில் டப்பா கட்டுவதில்லை. வறுத்த வேர்க்கடலை மட்டும் எல்லா நாளும் பையில் இருக்கும். மாலையில் மேடவாக்கம் நெரிசலில் பஸ் நிற்கும்போது, பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு பிடி கொடுக்கும் அளவுக்கு எடுத்துப்போகிறேன்.